கழுவிய பாதி

அவர் அதை மேசை மேல் வைத்தபோது முதலில் பாராட்டியது நான்தான். அந்தப் பாவத்தை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெள்ளைத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவது போலக் கொண்டு வந்திருந்தார். பிரித்தால் முழங்கை நீளத்துக்கு வளைந்த ஓர் இரும்புத் துண்டு. ஒரு முனை முறிந்திருந்தது. முறிந்த இடம் புது எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மின்னியது.

"என்னங்க, நகைக்கடையிலிருந்து நேரா வர்றீங்களா?" என்றேன்.

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "ஒரே கிரீஸும் மண்ணுமா இருந்துச்சு சார். அதை அப்படியே கொண்டாந்து வக்கீலம்மா கையில குடுக்க முடியுமா?"

நான் வக்கீலம்மாவிடம் பத்தொன்பது வருஷமாகக் குமாஸ்தா. சாதாரணக் கோபம் வந்தால் அவர் கத்துவார். காதைப் பொத்திக்கொண்டு என் வேலையைப் பார்ப்பேன். நிஜமாகவே நிலைமை மோசம் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பேசுவார். அன்று கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை யார் தொடச்சது?"

"நான்தாம்மா."

"எதால?"

"மொதல்ல டீசல்ல ஊற வெச்சேன். அப்புறம் மோட்டார்ல கம்பி பிரஷ் போட்டு ஒரு ஓட்டு. கடைசியா சோப்புத் தண்ணி." பெருமையோடுதான் சொன்னார். மனுஷன் பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

அவர் லாரி மெக்கானிக். முன் அச்சு, ஸ்டியரிங் வேலையில் கெட்டிக்காரர். பட்டறைகள் இருக்கும் அந்தத் தெரு முழுக்க அவருக்குப் பெயர் 'சோப்பு'. யாருக்கும் சோப்புப் போடுகிற ஆள் இல்லை. அந்த வித்தை தெரிந்திருந்தால் எவ்வளவோ முன்னுக்கு வந்திருப்பார். சுத்தம் என்று ஒரு பைத்தியம், அதனால் வந்த பெயர். மற்றப் பட்டறைகளில் தரை எது, கிரீஸ் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. இவர் பட்டறையில் ஸ்பேனர்கள் சுவரில் அளவு வாரியாகத் தொங்கும். மூன்று தொட்டிகள் வரிசையாக இருக்கும்: டீசல், மண்ணெண்ணெய், சோப்புத் தண்ணீர். வண்டியிலிருந்து கழற்றிய எந்தப் பாகமும், அது தேய்ந்துபோய்த் தூக்கி எறியப் போகிறதாகவே இருந்தாலும், மூன்றிலும் குளிக்காமல் உரிமையாளர் கைக்குப் போகாது. கழற்றியதை அழுக்கோடு நீட்டுவது அவருக்கு எச்சில் தட்டில் சோறு போடுவது மாதிரி. எங்கள் ஆபீஸில்கூட நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதைத் துடைப்பவன் நான் என்பதால் எனக்குச் சுருக்கென்றது.

நடந்தது இதுதான். அவருடைய தங்கை வீட்டுக்காரர் லாரி டிரைவர். இருபது நாளைக்கு முன்னால், பட்டப்பகலில், நேரான சாலையில், ஓடு ஏற்றிய லாரி திடீரென்று இடது பக்கம் போய், கடை வாசலில் நின்ற ரொட்டி வண்டியில் மோதியது. பின்கதவைத் திறந்து தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த ரொட்டிக்காரர் அங்கேயே போய்விட்டார். டிரைவரைக் கவனக்குறைவாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தியதாகக் கைது செய்து ரிமாண்டில் வைத்துவிட்டார்கள். அவர் முதல் நாளிலிருந்து ஒன்றையேதான் சொன்னார்: "ஸ்டியரிங்கைச் சுத்துறேன், சக்கரம் கேக்கல." யார் நம்புவார்கள்? இடித்துவிட்டு வருகிற எல்லா டிரைவரும் இப்படி ஏதாவது ஒன்று சொல்வார்கள்.

மச்சானுக்காக ஓடிப்போய்ப் பார்த்த மெக்கானிக்குக்குத்தான் விஷயம் தெரிந்தது. முன் சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டியரிங் ஆர்ம் இரண்டாக முறிந்திருந்தது. ஒரு பாதி சக்கரத்தோடு இருந்தது. இன்னொரு பாதி சாலையில் கிடந்தது. போலீஸ்காரர்கள் டயர்த் தடத்தை அளந்துகொண்டிருந்தபோது இவர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். லாரியை இழுத்துக்கொண்டு போய் ஸ்டேஷன் யார்டில் விட்டார்கள்.

அந்தப் பாதிதான் இப்போது எங்கள் மேசையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இரும்பு ஒடைஞ்சா, ஒடைஞ்ச எடத்தைப் பாத்தே கதையைச் சொல்லிடலாம்," என்றார் வக்கீலம்மா. "பழைய விரிசல் இருந்திருந்தா அது கறுத்துப் போயிருக்கும். அன்னைக்கு ஒடைஞ்ச எடம் மட்டும் பளிச்சுனு இருக்கும். கறுப்பு இருந்தா, ஆர்ம் ஒடைஞ்சதாலதான் வண்டி மோதிச்சுனு நாம சொல்லலாம். முழுக்கப் பளிச்சுனு இருந்தா, மோதினதாலதான் ஆர்ம் ஒடைஞ்சதுனு அவங்க சொல்லுவாங்க. இப்ப நீங்களே பாருங்க."

அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். கறுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் மின்னியது.

"கறுப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. பாதிக்கு மேல இருந்துச்சு. அழுக்குனு நெனச்சேன். தேச்சேன், போகல." கட்டைவிரலால் முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "அதனால இன்னும் அழுத்தித் தேச்சேன்."

வக்கீலம்மா அடுத்த கேள்வியைக் கேட்டார். அதை அவர் கேட்காமல் இருந்தால் நல்லது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்த ஆர்மை வண்டியில மாட்டினது யாரு?"

"நான்தாம்மா. மூணு மாசம் முன்னாடி. புதுசு, கம்பெனி சீல் பிரிக்காத பொட்டி."

இதில் சட்டம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பாகத்தில் பிறவிக் கோளாறு என்றால் அதைச் செய்த கம்பெனி பதில் சொல்ல வேண்டும். மாட்டியதில் கோளாறு என்றால் மெக்கானிக். கோளாறு தெரிந்தும் ஓட்டினால் டிரைவர். தெரிந்தும் ஓட்டச் சொன்னால் உரிமையாளர். நான்கு பேரில் ஒருவர் தலையில் விழுந்தே தீரும். கம்பெனியின் தலைக்குப் போக வேண்டியதை இந்த மனுஷன் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மச்சான் தலையிலும் தன் தலையிலும் கொண்டுவந்து வைத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை நாலு அறை விடலாம் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் கொடுத்தேன்.

"இன்னொரு பாதி?" என்றார் வக்கீலம்மா.

"சக்கரத்தோடதான் இருக்கும்மா. கழட்டப் போனேன், போலீஸ் தொட விடல."

போலீஸ் ஒன்றைச் செய்ய விடாததற்கு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். முறிவுக்கு இரண்டு முகம் உண்டு. இவர் கழுவியது ஒன்றைத்தான்.

ஆனால் லாரி உரிமையாளர் சும்மா இருக்கவில்லை. வண்டியை விடுவிக்க உத்தரவு வாங்கிவிட்டார். மறுநாள் ஒப்படைப்பு. கைக்கு வந்தால் நேராக ரிப்பேர், முறிந்த பாதி நேராகப் பழைய இரும்புக் கடை. ஒப்படைப்பை நிறுத்தச் சொல்லி வக்கீலம்மா அன்று சாயங்காலமே மனு எழுதினார். அது மறுநாள் மதியத்துக்குள் எடுத்துக்கொள்ளப்படும். அதுவரை வண்டியை யாரும் தொடக் கூடாது என்று ஒரு கடிதத்தைக் கொடுத்து என்னை யார்டுக்கு அனுப்பினார். மெக்கானிக்கும் கூடவே வந்தார். வர வேண்டாம் என்று சொல்லியும் வந்தார்.

மறுநாள் நாங்கள் போனபோது காலை பத்தரை இருக்கும். உரிமையாளரின் சூப்பர்வைசர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வாட்டர் சர்வீஸ்காரர், பம்பும் ஹோஸுமாக. ஒரே மண்ணாக இருக்கிறதே, கழுவிவிட்டு இழுத்துக்கொண்டு போகலாம் என்று ஏற்பாடு. லாரியின் பின்பக்கம் முடிந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டே முன்னால் நகர்ந்துகொண்டிருந்தார்.

எனக்கு முன்னால் மெக்கானிக் ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் நினைக்கவில்லை.

"கழுவாதீங்க! ஐயையோ, கழுவாதீங்கப்பா!"

வாட்டர் சர்வீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. "யாரு, சோப்பு அண்ணனா? நீங்களா கழுவாதேங்கிறீங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். யார்டில் இருந்த ரெண்டு மூணு பேரும் சிரித்தார்கள். சிரிப்பில் ஹோஸை மூட மறந்துவிட்டார். மெக்கானிக் முன் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். தொப்பலாக நனைந்தார். நகரவில்லை.

நான் கடிதத்தை நீட்டினேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு, "இது வக்கீல் லெட்டர். எங்ககிட்ட கோர்ட் ஆர்டர் இருக்கு," என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கையில் சட்டம் இல்லாதபோது குரலை உயர்த்துவதுதான் குமாஸ்தாக்களின் வழக்கம்.

"தாராளமா கழுவுங்க. மதியம் கோர்ட்ல, சாட்சியத்தைக் கழுவினது யாருன்னு கேப்பாங்க. உங்க பேரையும் முதலாளி பேரையும் எழுத்துப்பிழை இல்லாம சொல்லிடுங்க, நான் குறிச்சுக்கறேன்" என்று பேனாவை எடுத்தேன்.

அவர் யோசித்தார். யோசிக்கட்டும் என்று நானும் விட்டேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஹோஸ் ஒரு நிமிஷத்தில் வேலையை முடித்துவிடும். கடைசியில் ஹோஸை மூடச் சொன்னார்.

குனிந்து சக்கரத்தின் பின்னால் பார்த்தேன். முறிந்த முகம் தெரிந்தது. மண்ணும் கிரீஸும் அப்பியிருந்தது. எனக்குப் பக்கத்தில் மெக்கானிக்கும் குனிந்தார். அவர் கை தானாகக் கைக்குட்டைக்குப் போனது. சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றால் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். இரண்டரை மணி நேரம் அப்படியே நின்றார். ஒன்று பத்துக்கு வக்கீலம்மா போன் செய்தார். வண்டியை யாரும் தொடக் கூடாது, நீதிமன்றம் நியமிக்கும் பொறியாளர் வந்து பார்ப்பார் என்று உத்தரவாகிவிட்டது.

மூன்றாம் நாள் பொறியாளர் வந்து, கையுறை போட்டு, அந்தப் பாதியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து சீல் வைத்து எடுத்துக்கொண்டு போனார். மெக்கானிக் பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு எழுதி வாங்கியிருந்தது. அறிக்கை வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

அந்த ஒரு மாதம் அவர் வேலை செய்யவில்லை. பட்டறையைத் திறப்பார், உட்கார்ந்திருப்பார், வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்புவார். எங்கள் ஆபீஸுக்குத் தினமும் வருவார். நாற்காலியைத் தட்டுவதை விட்டுவிட்டார். ஒரு நாள் என்னிடம், "சார், அந்த ஆர்மை மாட்டும்போது சுத்தியலால ரெண்டு அடி அடிச்சேன். எல்லாரும் அடிப்பாங்க, இல்லேன்னா உள்ள உக்காராது. அந்த அடியிலதான் விரிசல் விட்டிருக்குமோ?" என்றார். எந்தப் பக்கம் அடித்தீர்கள் என்று கேட்டேன். ஞாபகம் இல்லை என்றார். அதை வாக்குமூலத்தில் எழுதச் சொன்னார். கேட்காததைச் சொல்லாதீர்கள் என்று வக்கீலம்மா எவ்வளவோ சொன்னார். "மச்சான் வெளிய வர நான் உள்ள போகணும்னா போறேன்மா," என்று பிடிவாதமாக எழுத வைத்தார். டைப் அடித்தது நான்தான். 'கறுப்பாக இருந்ததை அழுக்கு என நினைத்துத் தேய்த்தேன். சுத்தியலால் இரண்டு முறை அடித்தேன்.'

இதற்கு நடுவில் ஒரு நாள் தங்கை வந்தாள். ஜெயிலில் புருஷனைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தாள். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் பக்கத்தில் உட்காரவில்லை. உரிமையாளரின் ஆட்கள் அவளிடம் ஏதோ ஓதியிருக்கிறார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? தெரிஞ்சேதான் தேச்சியா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு அப்படித் தோணுதாம்மா?"

"எனக்கு என்ன தோணணும்னே தெரியல. அவரு உள்ள இருக்காரு. நீ வெளிய இருக்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நனைந்துகொண்டே சக்கரத்தை மறைத்து நின்ற ஆளை இப்படிக் கேட்கலாமா? வாயைத் திறந்தேன். மெக்கானிக் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவள் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்களைத் தேடி வரவில்லை. ஏதாவது தெரிய வேண்டுமென்றால் எனக்குப் போன் செய்வாள், அண்ணனுக்குச் செய்ய மாட்டாள்.

அறிக்கை ஒரு மாதத்தில் வரவில்லை. நாற்பது நாள் ஆனது. வக்கீலம்மா படிக்கப் படிக்க நாங்கள் இரண்டு பேரும் அவருடைய கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கழற்றவில்லை.

முறிவு ஆர்மின் உட்பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. இரும்பைக் காய்ச்சி அடித்தபோது ஓரிடம் ஒன்றோடொன்று ஒட்டாமல் மடிந்துபோயிருக்கிறது. அந்த மடிப்புக்குள் உலையின் கறுப்பு இன்னும் இருக்கிறது. அதாவது, கம்பெனியை விட்டு வெளியே வரும்போதே அதில் விரிசல் இருந்தது. சுத்தியல் அடியின் தழும்பு இருப்பது எதிர்ப்பக்கம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடைசியில் ஒரு வரி: 'மற்றொரு பாதி சுத்தம் செய்யப்பட்டிருப்பதால் பரிசோதனைக்கு உதவவில்லை.'

டிரைவருக்கு அந்த வாரமே ஜாமீன் கிடைத்தது. அவர் மேல் இருந்த வழக்கும் பிறகு கைவிடப்பட்டது. ரொட்டிக்காரரின் மனைவி போட்ட நஷ்டஈட்டு வழக்கு கம்பெனி பக்கம் திரும்பியது. கம்பெனி இப்போதும் விடாமல் வாதாடிக்கொண்டிருக்கிறது. பாதி சாட்சியத்தை மெக்கானிக் அழித்துவிட்டார் என்பதுதான் அவர்களுக்கு இருக்கிற ஒரே பிடி.

டிரைவர் வீட்டுக்கு வந்த அன்று தங்கை அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் அப்போது எங்கள் ஆபீஸில் இருந்தார். அழுதுகொண்டே அவள் பேசியது எனக்கும் கேட்டது. "நீ அப்படிச் செய்ய மாட்டேனு எனக்கு அப்பவே தெரியும்ணா." மனதாரத்தான் சொன்னாள். அவர் "சரிம்மா" என்று வைத்துவிட்டார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் செத்துப்போயிருந்தது.

"குமாஸ்தா சார், அவ கேட்டது தப்பில்ல. தேய்க்கும்போது அந்தக் கறுப்பைப் பாத்து ஒரு தடவை மோட்டாரை நிறுத்தினேன். விரிசலா இருக்குமோனு ஒரு எண்ணம் வந்துச்சு. நாம மாட்டினதாச்சேனு கூடவே இன்னொரு எண்ணம். அப்புறம் திரும்பப் போட்டேன்."

"வேணும்னேவா?"

"தெரியல சார். நாப்பது நாளா அதைத்தான் என்னையே கேட்டுக்கிட்டு இருக்கேன்."

முடிந்துபோனதை ஏன் கிளறுகிறீர்கள், பேசாமல் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள் என்று அதட்டினேன். கேட்கவில்லை. தங்கையிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று கிளம்பினார். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன்.

இரண்டு அறை வீடு. டிரைவர் ஆள் பாதியாகி, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் தங்கை ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே, என்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். அவள் கையை மெல்ல விட்டாள்.

அப்புறம் டிரைவர்தான் வாயைத் திறந்தார்.

"மச்சான், நானும் ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் காலையில வண்டி எடுத்ததுமே ஸ்டியரிங் லேசா இழுத்துச்சு. உன் பட்டறை வழியாத்தான் வந்தேன். நிறுத்திக் காட்டலாம்னு பாத்தேன். நீ கழட்டினா கழுவித் தொடச்சு மாட்டுறதுக்கு அரை நாள் ஆகும். லோடை இறக்கிட்டு வந்து காட்டிக்கலாம்னு போயிட்டேன்."

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தங்கை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க ரெண்டு பேரும்?" என்றாள். "அந்த ரொட்டிக்காரர் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லுங்க."

அப்படி யாராவது போய்ச் சொன்னால் கம்பெனி வக்கீல் ஆனந்தக் கூத்தாடுவார். அந்த அம்மாவின் வழக்குத்தான் ஆட்டம் காணும். சட்டம் தெரிந்தவன் என்று அந்த அறையில் இருந்தது நான் ஒருவன்தான், அதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் குனிந்துகொண்டேன்.